விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றுவது?



அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் உங்கள் கைக்கு வந்திருக்கும். நான்காவது பொருள்: ‘பொது விளக்குகள், தோட்டப் பராமரிப்புக்கான மாதக் கட்டணத்தை மாற்றியமைப்பது.’ பார்க்க ஒரே ஒரு வரி. போன கூட்டத்தில் இதே வரிக்காக இரண்டு மணி நேரம் பேசினோம். முடிவு எதுவும் எடுக்காமல் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம். பின்பக்க கேட்டுக்குப் போகிற பாதையில் மூன்று விளக்குகள் அன்றைக்கே எரியவில்லை, இன்றைக்கும் எரியவில்லை. இடையில் டியூஷன் முடிந்து வந்த பிள்ளை ஒன்று அந்த இருட்டில் தடுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அன்று பேசியதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘என் வீடு வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கு, நான் எதுக்குக் கட்டணும்?’ ‘பெரிய வீட்டுக்காரங்க கூடக் கட்டட்டும்.’ ‘தோட்டத்துப் பக்கமே நாங்க வாறதில்லை.’ ‘மாநகராட்சிக்குச் சொத்துவரி கட்டுறோம்லா, பிறகு இது எதுக்கு?’ ‘யாராவது ஸ்பான்சர் கிடைச்சா முடிஞ்சிரும்.’ கடைசியில், எதைச் சொன்னாலும் ‘வேண்டாம்’ என்ற குரல் ஒன்று.

இவை எதுவும் நம் வளாகத்தில் முதன்முதலாகப் பிறந்த கேள்விகள் அல்ல. தாமிரபரணிக் கரையில் இருந்தவர்கள் 1,200 ஆண்டுகளாக இதே கேள்விகளைக் கேட்டு, விடையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சில விடைகள் கல்லிலேயே இருக்கின்றன. கூட்டத்துக்கு வருமுன் அவற்றை ஒரு முறை படித்துவிட்டு வருவோமே என்றுதான் இந்தக் கட்டுரை.

சாகாத ஆடுகள்

முதலில் விளக்கு. பழைய கோயில்களில் இரவும் பகலும் அணையாமல் எரிகிற விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். அதை எரிக்க நாள்தோறும் நெய் வேண்டும். ஒருவர் ஒரு நாள் பக்தியோடு ஒரு குடம் நெய் கொண்டுவந்து கொடுத்துவிடலாம். மறுநாளுக்கு? அடுத்த வருஷத்துக்கு?

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. நெய்யைக் கொடுக்காமல் ஆடுகளைக் கொடுத்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்ற கணக்கு அடிக்கடி வரும். ஓர் இடையர் அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்டு, நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளப்பதாக ஒப்புக்கொள்வார். ஆடு குட்டி போடும், சிலது சாகும், சிலது கிழடு தட்டும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள். இன்று நாம் ‘கார்ப்பஸ் ஃபண்ட்’ என்று சொல்கிறோமே, அதுதான் இது. முதலைத் தொடாதே, அதில் வருவதை மட்டும் எடு.

நம் பக்கத்திலேயே இன்னும் தெளிவான உதாரணம் இருக்கிறது. அம்பாசமுத்திரத்துக்கு அக்காலப் பெயர் இளங்கோக்குடி. வரகுண பாண்டியன் பெண்ணையாற்றங்கரையில் அரைசூர் என்ற இடத்தில் முகாமிட்டிருந்தபோது, இளங்கோக்குடிக் கோயிலின் நித்தியச் செலவுக்காக 290 காசை அவ்வூர்ச் சபையிடம் ஒப்படைத்தான். காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. ஆக 580 கலம். முதல் அப்படியே இருக்க வேண்டும், வட்டியில்தான் செலவு செய்ய வேண்டும். திருச்செந்தூரிலும் இதே ஏற்பாடு, இன்னும் பெரிய அளவில்: 1,400 காசைப் பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அதே இரண்டு கலம் வட்டி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அரசன் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஆண்டுதோறும் நெல்லை அளக்க வேண்டிய பொறுப்பு ஊருக்கு. அந்தச் சபை இருந்து, கூடி, கணக்குப் பார்த்தவரைக்கும் விளக்கு எரிந்தது. சபைகள் மறைந்த பிறகு கல் மட்டும் மிச்சம். நிதி இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்டு வாங்குகிற அமைப்பும் உயிரோடு இருக்க வேண்டும்.

மானூர்க் கல்

அப்படியானால் அந்தச் சபை எப்படி நடந்தது? இதற்கு விடை நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் மானூர் வரும். நம்மில் பலர் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போயிருப்போம். அங்குள்ள கோயிலில் மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சுமார் 1,200 ஆண்டுப் பழமை. மானூர் மகாசபை கூடி, தன் கூட்டங்களை எப்படி நடத்துவது என்று தனக்குத்தானே விதித்துக்கொண்ட விதிகள் அதில் இருக்கின்றன. இன்றைய மொழியில் சொன்னால் நம் சங்கத்தின் ‘பை-லா’.

அதன் அடிப்படை, பங்கு. ஊர் நிலத்தில் பங்கு உள்ளவர்தான் சபையில் பேசலாம். ஒரு பங்குக்காரருக்குப் பிள்ளைகள் பலர் இருந்தாலும் ஒருவர்தான் அந்தப் பங்குக்காக உட்காரலாம். வெறும் பங்கு இருந்தால் போதாது, படிப்பும் நல்லொழுக்கமும் வேண்டும். முழுப் பங்கு இல்லாதவர் எந்த வாரியத்திலும், அதாவது எந்தக் குழுவிலும், இடம் பெற முடியாது. கால் பங்கு, அரைப் பங்கு வைத்துக்கொண்டு உரிமை கேட்கவும் வழியில்லை.

அடுத்து வருவதுதான் நமக்கு வேண்டியது. சபையில் எந்தக் காரியம் வந்தாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு, அவர் தடுத்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம். அவருக்குத் துணை நின்றவருக்கும் அதே தண்டம். தண்டம் கட்டிய பிறகும் அவர் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், சிரிக்கிற விஷயம் இல்லை. இந்த விதியை எழுத வேண்டி வந்தது என்றால், அதற்கு முன் எத்தனை கூட்டங்கள் முடிவில்லாமல் கலைந்திருக்கும்! மாற்றுக் கருத்து சொல்வதை மானூர் தடுக்கவில்லை. எதையும் முடிவெடுக்கவே விடாமல் தடுப்பதைத்தான் தண்டித்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

மானூரைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டியதில்லை. அது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. வயலில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை. பங்கு இருப்பவனுக்குத்தான் பேச்சு என்ற விதியின் மறுபக்கம் அது. நம் வளாகத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். கடைசியில் அதற்கு வருகிறேன்.

மானூருக்குப் பிறகு சுமார் நூறு ஆண்டு கழித்து, காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் எழுதப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே ஏரி வாரியத்தோடு ‘தோட்ட வாரியம்’ என்று ஒன்றும் இருந்தது பலருக்கு நினைவிருக்காது. தோட்டத்துக்கென்றே ஒரு தனிக் குழு! அதைவிட முக்கியம், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடவோலைக்கே வர முடியாது. பணம் கேட்கிற உரிமையும் கணக்குக் காட்டுகிற கடமையும் அங்கே ஒன்றாகவே வந்தன.

மண்வெட்டியா, பணமா?

இனி ஆற்றுக்கு வருவோம். தாமிரபரணியின் பழைய அணைக்கட்டுகள் ஏழு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர். எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது. ஒவ்வோர் அணையிலிருந்தும் கால், காலிலிருந்து குளம், குளத்திலிருந்து வயல். இவற்றில் வருஷா வருஷம் சேரும் மண்ணையும் செடியையும் யார் அள்ளுவது?

அதற்குத்தான் குடிமராமத்து. தண்ணீர் பாய்கிற நிலத்துக்காரர்கள், அவரவர் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்ப வேண்டும். கரையில் விழுந்த ஓட்டை, வாய்க்காலில் படிந்த மண், மடையில் அடைத்த குப்பை போன்ற சிறு வேலைகள் குடிகளுடையவை. பெரிய உடைப்பென்றால் அரசு. பத்து ஏக்கர்காரரும் ஒரு ஏக்கர்காரரும் ஒரே அளவு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஏக்கர்காரரும் ஆள் அனுப்பியே ஆக வேண்டும். ‘இந்த வருஷம் நான் பயிர் வைக்கலை’ என்பதற்காக வாய்க்காலில் மண் சேராமல் இருக்காது. பூட்டிய வீட்டுக் கேள்விக்கு அந்தக் காலத்து விடை இதுதான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த வழக்கம் தளர்ந்தது. வசதியானவர்கள் ஆள் அனுப்பாமல் நழுவினார்கள். 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு பணம் கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆனால் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. தண்டம் விதிக்கச் சட்டம் இருந்தது, கேட்டு வாங்க ஊரில் ஒரு சபை இல்லை. இளங்கோக்குடியில் பார்த்த பாடமே மறுபடியும்.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்தது. பத்து சதவீதம் பெரிய தொகை அல்ல. ஆனால் தன் பணம் கொஞ்சமாவது உள்ளே இருந்தால்தான் ‘மண்ணை எங்கே கொட்டினீங்க, எவ்வளவு ஆழம் எடுத்தீங்க?’ என்று கேட்கிற தைரியம் வரும்.

ஒரு வள்ளலும் ஒரு பாலமும்

ஸ்பான்சர் கிடைத்தால் முடிந்துவிடும் என்றார் ஓர் அண்ணாச்சி. அவருக்கான பதில் வண்ணாரப்பேட்டை ஆற்றங்கரையில் நிற்கிறது.

நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு. 1840-களுக்கு முன் அக்கரைக்குப் போகப் படகுதான் கதி. பாலம் கட்ட வேண்டும் என்று கலெக்டர் தாம்சன் முயன்றார். ஊராரிடம் பணம் திரட்டலாம் என்று பேச்சு நடந்தது. கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், யாரிடமும் கேட்க வேண்டாம் என்று தானே ஏறத்தாழ 50,000 ரூபாய் கொடுத்தார். ஹார்ஸ்லி என்ற ராணுவப் பொறியாளர் வடிவமைத்தார். 11 வளைவுகளோடு 1843-இல் பாலம் திறந்தது. இன்றும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

ஆனால் கதை 1843-இல் முடியவில்லை. 1869-இல் வந்த வெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியை உடைத்தது. 1871-இல் சரிசெய்தார்கள். பின்னாளில் போக்குவரத்துப் பெருகியபோது அகலப்படுத்தினார்கள். விளக்குப் போட்டார்கள், கைப்பிடிச் சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். இவை எதற்கும் முதலியாரைத் தேடிப் போக முடியாது. கட்டுவதற்கு ஒரு பெரிய மனசு போதும். அதைக் காப்பாற்ற ஆயிரம் சின்னப் பங்குகள் வேண்டும், அதுவும் நிற்காமல் வர வேண்டும்.

நமக்கும் இது புதிதல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் ஏறியது. சங்கத்தில் அவசரத்துக்குப் பணம் இல்லை. ஐந்து வீட்டுக்காரர்கள் தங்கள் பையிலிருந்து போட்டு மோட்டாரைச் சரிபார்த்தார்கள். அன்று அவர்களைக் கைகூப்பி வணங்கினோம். ஆனால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவே பல மாதம் ஆனது, நடுவில் வாட்ஸ்அப் குரூப்பில் மனக்கசப்பும் வந்தது. நல்ல மனசுக்காரர்களை அப்படி ஓர் இக்கட்டில் இன்னொரு முறை நிறுத்தலாமா?

விளக்கு வரி வந்த கதை

ஊர்ச் சபைகள் போய், வள்ளல்களும் போதாமல் ஆன இடத்தில்தான் நகராட்சி வந்தது. அதுவும் நேராக வரவில்லை. முதலில் ‘விருப்பம் இருந்தால் கட்டுங்கள்’ என்று முயன்று பார்த்தார்கள். 1842-இல் வங்காளத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு நகரத்தின் வீட்டுக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கேட்டால் அங்கே வரி போட்டுத் தெருவைச் சீர்செய்யலாம். ஒரே ஓர் ஊரில்தான் அது நடைமுறைக்கு வந்தது. அங்கேயும் வரி கேட்டு வந்தபோது மக்கள் கட்ட மறுத்ததோடு, அத்துமீறி நுழைந்ததாகக் கலெக்டர் மேலேயே வழக்குப் போட்டார்கள்! 1850-இல் நாடு முழுவதற்கும் வந்த சட்டமும் ஊராரின் விருப்பத்தையே நம்பி இருந்தது.

பிறகு 1865-இல் சென்னை மாகாணத்தின் நகர மேம்பாட்டுச் சட்டம். அடுத்த ஆண்டே, 1866-இல், திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தனித்தனி நகராட்சிகள் ஆயின. ஆற்றின் இரு கரைக்கும் இரண்டு கஜானா. வீட்டுக்கும் நிலத்துக்கும் வரி வந்தது. அதிலிருந்து தெரு, துப்புரவு, விளக்கு.

1920-இல் வந்த சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், சொத்துவரியை ஒரே மொத்தமாக வைக்காமல் பிரித்திருப்பது தெரியும். பொதுச் செலவுக்கு ஒரு வரி, தண்ணீருக்கும் வடிகாலுக்கும் ஒரு வரி, துப்புரவுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. ஆம், ‘விளக்கு வரி’ என்றே தனியாக. எதற்காகத் தருகிறோம் என்று பெயர் சொல்லிக் கேட்டால், தருகிறவருக்கு ‘என் தெருவில் விளக்கு எங்கே?’ என்று திருப்பிக் கேட்க முடியும். மொத்தமாகக் கேட்டால் அந்தக் கேள்வி எங்கோ கரைந்துவிடும்.

1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. வயலுக்குப் பாய்கிற அதே ஆறு மின்சாரமும் தந்தது. 1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர்ப் பேரூராட்சியும் சேர்ந்து மாநகராட்சி ஆனது. இன்று நாம் அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுகிற சொத்துவரி இந்த வரிசையில் வந்ததுதான்.

அப்படியென்றால் சங்கத்துக்கு ஏன் தனியாகக் கட்ட வேண்டும்? காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே இருக்கிற தெருவிளக்கு மாநகராட்சியுடையது. உள்ளே இருக்கிற பாதை, தோட்டம், மாடிப்படி, அங்குள்ள விளக்குகள் எல்லாம் நம் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்காகச் சொந்தம். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், வீட்டோடு சேர்த்துப் பிரிபடாத நிலப்பங்கையும் வாங்கியிருக்கிறோம். மானூர்க்காரர்கள் ‘பங்கு’ என்று சொன்னது நம் பத்திரத்திலும் இருக்கிறது.

தூரத்து ஊர்களும் இதே கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1833-இல் வந்த விளக்கு, காவல் சட்டம் வீடுகளுக்கு வெறும் நிலத்தைப் போல மூன்று மடங்கு விகிதத்தில் வரி போட்டது. தெருவிளக்கால் வயலைவிட வீட்டுக்குத்தானே பயன் அதிகம்! அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1972-இல் தோட்டத்துக்கும் விளக்குக்கும் என்றே ஒரு சட்டம் வந்தது. ஒரு பகுதியின் பூங்கா, மரங்கள், தெருவிளக்கு இவற்றின் பராமரிப்புச் செலவை அந்தப் பகுதிச் சொத்துக்காரர்களிடமே அவரவர் அடையும் பயனுக்கேற்பப் பிரித்து வாங்கலாம். 1996-இல் மக்கள் வாக்களித்து அதற்குக் கடிவாளம் போட்டார்கள். ஊருக்கெல்லாம் பொதுவான பயனை இவர்கள் தலையில் கட்டக் கூடாது, தொகையை முன்கூட்டியே எழுதிச் சொத்துக்காரர்களுக்கு அனுப்பி அவர்கள் வாக்கைக் கேட்க வேண்டும் என்று ஆனது.

இனி நம் கூட்டத்துக்கு

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். விளக்கும் தோட்டமும் தருமத்தால் பிழைப்பதில்லை. எழுதி வைத்த பங்கு, அதைக் கேட்டு வாங்குகிற சபை, வாங்கியதற்குக் காட்டுகிற கணக்கு, இந்த மூன்றும் இருந்த இடத்தில் பிழைத்திருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் அணைந்திருக்கின்றன.

எனவே கூட்டத்துக்கு வரும்போது இவற்றை யோசித்துக்கொண்டு வாருங்கள்.

பங்கு எப்படி? ஒரு கணக்குக்காக, 40 வீடு, மாதச் செலவு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 300 ரூபாய். மொத்தப் பரப்பு 40,000 சதுர அடி என்றால், சதுர அடிக்கு 30 பைசா. 800 சதுர அடி வீட்டுக்கு 240 ரூபாய், 1,400 சதுர அடி வீட்டுக்கு 420 ரூபாய். குடிமராமத்து வழி இரண்டாவது. 2022-இல் தமிழகத்தில் சொத்துவரியைச் சீரமைத்தபோதும் வீடு பெரிதாகப் பெரிதாக உயர்வு விகிதத்தைக் கூட்டித்தான் வைத்தார்கள். ஆனால் பாதை விளக்கில் சின்ன வீட்டுப் பிள்ளைக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வெளிச்சம்தான் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. தினச் செலவைச் சமமாகவும், பெரிய பழுதுகளுக்கான சேமிப்பைச் சதுர அடிப்படியும் பிரிக்கலாமே என்பது என் எண்ணம். வேறு நல்ல வழி உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

பூட்டிய வீடு? மகாராஷ்டிரத்தின் 1970 சட்டமும் கர்நாடகத்தின் 1972 சட்டமும், பொது இடத்தைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லி எந்த உரிமையாளரும் பொதுச் செலவிலிருந்து விலக முடியாது என்று தெளிவாகவே சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள். துபாயில் இருக்கிற நம் உறவுகளின் வீட்டுக்கு நாளைக்கு நல்ல விலையோ வாடகையோ வர வேண்டுமானால், வாசலில் விளக்கு எரிய வேண்டுமே!

தாமதம்? மாநகராட்சி அரையாண்டின் முதல் மாதத்துக்குள் சொத்துவரி கட்டுவோருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறது. நாமும் முன்கூட்டியே கட்டுபவருக்குச் சிறு சலுகை தரலாம். தண்டத்தைவிட அது மனசுக்கு நல்லது.

கணக்கு? விளக்கு, தோட்டம் இரண்டையும் பொதுப் பராமரிப்பில் கலக்காமல் தனித் தலைப்பில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டிலும் இந்தச் செய்திமடலிலும் போட வேண்டும். உத்திரமேரூர் ஓலை நினைவிருக்கட்டும்.

கடைசியாக, வாடகைக்கு இருப்பவர்கள். வாக்கு உரிமையாளருக்குத்தான், சரி. ஆனால் இரவு அந்தப் பாதையில் நடப்பது யார்? எந்த விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்று சரியாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். கூட்டத்தில் முதல் கால் மணி நேரத்தை அவர்கள் பேசுவதற்கு ஒதுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மானூர் செய்யத் தவறியதை நாம் செய்யலாம்.

ஐந்து காசு தண்டம் வேண்டாம். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், கூடவே உங்கள் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். வர முடியாதவர்கள் உங்கள் கருத்தைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்த முறை காபிக்கு முன்னால் முடிவெடுப்போம். அடுத்த இதழ் வரும்போது அந்த மூன்று விளக்குகளும் எரிய வேண்டும்.

கூட்டத்தில் சந்திப்போம்.